ஹருகாவுக்கு நான் சேர்த்த கூட்டம்

போன மாதம் உங்கள் அலுவலகத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். தேநீர் இடைவேளையில் ஒரு பெண் அட்டைப் பெட்டியில் போட்ட கனத்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இந்த போட்டோவில ஓரமா நிக்கிறது நீங்கதானே?" என்று கேட்டாள். நான் "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, உங்கள் கேன்டீன் சமோசாவை அளவுக்கு மேல் புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் முகம் சூடாகவே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வெட்கமும் கூடவே ஓய்வு பெறும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பாட்டு விற்கும் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும்.

அந்தப் புத்தகம் ஒரு ஜப்பானிய பாப் இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாறு. கைமாறிக் கைமாறி அதன் பாட்டுகள் இப்போது உங்கள் நிறுவனத்திடம் இருக்கின்றன, புத்தகமும் அப்படித்தான் உங்கள் அலமாரிக்கு வந்திருக்கும். இத்தனை ஆண்டு நிறைவு என்று வந்தால் தங்கள் கதையைத் தாங்களே அச்சடித்து, பெட்டியில் போட்டு, எல்லோருக்கும் கொடுப்பது ஜப்பானிய நிறுவனங்களின் வழக்கம். யாரும் படிக்கமாட்டார்கள். ஆனால் அதில் அச்சாகிவிட்டால் அது நடந்ததாகிவிடும்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் முதலில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாத்தியக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் யாரையாவது பாட வைத்துவிட்டு, பாடுபவரைப் பார்க்காமல், நின்று கேட்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். யாருக்காக ஜனங்கள் ரயிலைத் தவறவிட்டார்களோ அவர்களைத்தான் பதிவு செய்தார். பெரிய முதலாளியான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எந்த அரங்கிலும் அவருக்கு ஒரு நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டிப் போட வேண்டும். "மேடையைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார்" என்ற அவருடைய வாசகத்தைத் தினமும் காலையில் லண்டன் அலுவலகத்தில் எழுந்து நின்று ஒன்றாகப் படிப்போம். கையில் காப்பிக் கோப்பையோடு ஆங்கிலேயர் ஒருவர் இதை உரக்கப் படிப்பதைப் பார்க்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து சட்டம் படிக்க லண்டனுக்கு வந்தவள். படிப்பு முடிந்தது, இலங்கை மன்னார்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வெம்பிளியில் தங்கிவிட்டேன். டோக்கியோவில் பணம் கொழித்த காலத்தில் திறந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வேலை. எங்கள் மேலாளர் ஒரு ஜப்பானியர். தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மீதிப் பாதியை அவர் சும்மா இருந்ததிலிருந்து கற்றுக்கொண்டேன், அதில்தான் கோளாறு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காற்று மாறியது. டவுன்லோட் வந்து சி.டி. விற்பனையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கைபேசி நிறுவனம் எங்களை வாங்கியது. பழைய முதலாளியைத் தலைவர் என்ற பெயரில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டு அலுவலகங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். லண்டன் முறை வந்தபோது அந்தக் கிழவர், "ஒரு நிகழ்ச்சியை நானே வந்து பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யலாம்" என்று அவகாசம் வாங்கியிருந்தார்.

லண்டனில் எங்களிடம் இருந்தது ஒரே பாடகி. ஹருகா. டோக்கியோவில் பள்ளிக்கூட வயதிலேயே ஒரு பெண்கள் குழுவில் சேர்க்கப்பட்டு, ஆடிப் பாடி, குழு கலைந்த பின் தனியாகப் பாடிப் பார்க்க இங்கே வந்தவள். அங்கே அவளுடைய இடத்தில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். லண்டனை மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். அவளுக்குப் பாட்டே அதோடு முடிந்துவிடும். ஒப்பந்தத்தை எழுதியவள் நான், அதனால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தலைவர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலாளர் என் மேசைக்கு வந்து, டிக்கெட் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டார். முன்னூறு இருக்கை அரங்கு. முப்பதுகூடப் போகவில்லை. சொன்னேன். அவர் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து ஒரு சத்தம் செய்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஜப்பானியரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அதற்கு 'கஷ்டம்தான்' என்று மட்டுமே பொருள். நானோ, 'ஏதாவது செய், என்னிடம் கேட்காதே' என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

அன்று சாயங்காலமே மச்சாள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் என்றால் என் கணவருடைய அக்கா, ஜெசிந்தா. எங்கள் ஊரில் நாத்தனார் என்போம், அவர்கள் பக்கம் மச்சாள். கோயில் பாடகர் குழு அவர் கையில். அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். மச்சாள் சொன்னால் அந்தக் கோயிலின் பங்கு மக்கள் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள், மீதிப்பேரை அவர்கள் கிளப்பிவிடுவார்கள்.

"எத்தினை பேர் வேணும்?" என்று கேட்டார் மச்சாள், ஏதோ புட்டுக்கு எத்தனை தேங்காய் வேண்டும் என்று கேட்பது மாதிரி.

"ஒரு இருநூறு பேர் இருந்தா போதும், மச்சாள்."

"சனம் இருக்கு. என்னத்துக்கெண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"என் வேலை போயிடும்னு சொல்லுங்க."

"அது காணும்," என்றார். அவர்கள் பேச்சில் 'போதும்' என்று பொருள்.

ஹருகாவைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சியன்று ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு கோச் பஸ், வெம்பிளியிலிருந்து இன்னொன்று, மீதிப்பேர் ரயிலில். பெண்கள் பட்டுச் சேலையில், ஆண்கள் கோட்டு போட்டு, சின்னப் பிள்ளைகள் சிலர் முதல் நன்மைச் சடங்குக்குத் தைத்த வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினார்கள். டிக்கெட் எல்லாம் நான் கொடுத்தவை. வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். அரங்கு நிறைந்ததுபோல் ஆகிவிட்டது. தலைவர் வந்து, மேடைக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து, அந்தக் கூட்டத்தைக் கண் சிமிட்டாமல் பார்த்தார். பக்கத்தில் கைபேசி நிறுவனத்து ஆட்கள் இருவர். நான் சுவரோரமாக நின்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஹருகா முதல் பாட்டைப் பாடி முடித்தாள். அரங்கில் ஒரு சத்தம் இல்லை.

மச்சாள் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்: யப்பான்காரர் மரியாதை பாக்கிறவை, ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. இருநூறு பேரும் பூசையில் இருப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹருகாவின் உண்மையான ரசிகர்கள் இருபது பேர் இருந்தார்கள், ஆங்கிலேயப் பையன்களும் பெண்களும். ஜப்பானில் செய்வது மாதிரி வெளிச்சக் குச்சிகளை ஆட்டிக்கொண்டு அவள் பெயரைக் கத்த எழுந்தார்கள். மச்சாள் எழுந்து போய் ஒரு பையனின் தோளைத் தட்டி, "தம்பி, சிட் டவுன். பீப்பிள் ஆர் லிசனிங்" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது பாட்டில் ஹருகாவின் குரல் நடுங்கியது. நான் குனிந்துகொண்டே ஓடினேன்.

"மச்சாள், கை தட்டச் சொல்லுங்க!"

"பாட்டு இன்னும் முடியேல்லையே?"

"பாடும்போதே தட்டணும்."

"இதை முதலே சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்று முறைத்துவிட்டு எழுந்து திரும்பி, கோயிலில் செய்வதுபோல் இரண்டு கையையும் தூக்கினார். அவ்வளவுதான், இருநூறு பேரும் தட்டத் தொடங்கினார்கள். பதிவு செய்து வைத்திருந்த பின்னணி இசை வேகமானது, இவர்கள் தட்டியதோ ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் மெதுவான தாளம். ஹருகா ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு சிரித்தாள். பின்னணி இசையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, அவர்கள் தட்டிய தாளத்துக்கே பாடினாள். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். தலைவர் மேடையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு உண்மையாகவே நன்றாக இருந்ததுதான் எனக்குப் பெரிய தொல்லையாகப் போனது. பொய்யும் மெய்யும் அதில் கலந்துவிட்டன.

முடிந்ததும் முன்கூடத்தில் தலைவர் மச்சாளுக்கு எதிரே வந்து நின்று குனிந்து வணங்கினார். மச்சாளும் கும்பிட்டார். தலைவர் ஜப்பானிய மொழியில் கேட்டதை மேலாளர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தப் பெண்ணின் பாட்டு உங்கள் மக்களுக்கு எப்படிப் பழக்கம்? மச்சாளுக்கு ஆங்கிலம் விளங்கும், பெரிய மனிதர் முன்னால் பேசத்தான் கூச்சம். நான் தமிழில் கேட்டேன். ஹருகா வியர்வை காயாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மச்சாள் சொன்னார்: "எனக்கு இந்தப் பிள்ளையை இண்டைக்கு முன்னம் தெரியாதெண்டு சொல்லும். உம்மட வேலை போகக்கூடாதெண்டு வந்தனாங்கள் எண்டும் சொல்லும். ஆனா பிள்ளை நல்ல வடிவாப் பாடினவ. அதையும் மறக்காமல் சொல்லும்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவர்கள் வீடுகளில் ரொம்ப நாளாக ஹருகாவின் பாட்டைக் கேட்கிறார்களாம். இன்றைக்கு நேரில் கேட்டது பாக்கியம் என்கிறார்."

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்த நேரத்தில் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம். அதற்குக் கீழே, ஹருகாவின் பாட்டு லண்டன் வாழ் தமிழ் மக்களின் மனதைக் கவர்ந்ததாக ஒரு வரி இருக்கும். அந்த வரி என்னுடையது.

மச்சாள் சொன்ன மூன்றையும் அப்படியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தலைவர் கடை வாசலில் ஆள் சேர்த்து வளர்ந்த மனிதர். சிரித்திருக்கலாம். 'தெரியாதவர்களையே எழுந்து ஆட வைத்தாளா?' என்று சந்தோஷப்பட்டும் இருக்கலாம். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு கிடையாது. அதை நான் அவளுக்குக் கிடைக்கவிடவில்லை. நெருக்கடியில் முதலில் நாக்கு நுனிக்கு வரும் பதில் உங்களைக் காப்பாற்றத்தான் வருகிறது, பக்கத்தில் நிற்பவரை அல்ல. இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

மேலாளர் அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். லிஃப்டில் போகும்போது, கதவைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் மிகவும் அன்பாக மொழிபெயர்க்கிறீர்கள்" என்றார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

டோக்கியோவோ பூரித்துப்போனது. அலுவலகத்துக்கு ஆயுள் நீண்டது. ஹருகாவுக்கு அடுத்த வருஷம் இன்னும் பெரிய அரங்கில் நிகழ்ச்சி என்றார்கள். 'தமிழ் ரசிகர்களுக்காக' அப்டன் பார்க் முதல் ரெய்னர்ஸ் லேன் வரை நம் தமிழ்க் கடைகளில் போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். மாம்பழப் பெட்டிக்கும் போன் கார்டு விளம்பரத்துக்கும் நடுவில் ஹருகா சிரித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர்கள் யார் இந்தப் பிள்ளை என்று என்னையே கேட்டார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் ஹருகா என் மேசைக்கு வந்து, அந்த மக்களுக்காக ஒரு பாட்டில் நாலு வரி தமிழில் பாட வேண்டும், எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். மறுக்க என்ன காரணம் சொல்வது? எழுதிக் கொடுத்தேன். மதிய இடைவேளைகளில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பயிற்சி செய்வாள். ழகரம் வரும்வரை விடமாட்டாள். ஒருநாள் சரியாக வந்ததும் கைகொட்டிக் குதித்துவிட்டு, "அந்த அம்மாவுக்குப் புரியுமா?" என்று கேட்டாள். நன்றாகப் புரியும் என்றேன்.

மறுபடி மச்சாளிடம் போய் நின்றேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "உம்மட வேலைக்காக ஒருக்கா வந்தனாங்கள். அது எங்கட குடும்ப விசயம். ஆனா அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல நான் சனத்தைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

"அவ ரொம்ப எதிர்பார்க்கிறா, மச்சாள். தமிழ்ல பாடப் போறா."

"அப்ப போய் உள்ளதைச் சொல்லும். அண்டைக்கு வந்தவை உன்னைத் தெரியாதவை, ஆனா உன்ர பாட்டு அவைக்குப் பிடிச்சது, திரும்பக் கூப்பிட்டா வருவினம் எண்டு சொல்லும். சொல்லிப் போட்டு வாரும், நான் மூண்டு கோச் கொண்டு வாறன்."

"அதெல்லாம் இப்ப சொல்ல ஏலாது, மச்சாள்." அவசரத்தில் அவர் பேச்சே என் வாயில் வந்தது.

"ஏன் ஏலாது?"

பதில் இருந்தது. சொன்னால் ஹருகா அழுவாள், மேலாளருக்குத் தெரியவரும், டோக்கியோவுக்குப் போகும், என் பெயர் கெடும். இந்த வரிசையில் என் பெயரைக் கடைசியில் வைத்துத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் முதலில் நின்றது. இன்னும் நாள் இருக்கிறது, சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். இடைவேளைகளில் அவள் எதிரே உட்கார்ந்து ழகரம் திருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு அவளுடைய ஆங்கிலேயப் பிள்ளைகள் வந்தார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கூடவே வந்தார்கள், ஆனால் அந்தப் பெரிய அரங்கில் ஒரு மூலைக்குத்தான் ஆனார்கள். போஸ்டர் பார்த்து யாராவது வருவார்கள் என்ற நப்பாசையில் நான் வாசலிலேயே நின்றேன். மச்சாள் மட்டும் வந்தார். என்னிடம் டிக்கெட் கேட்காமல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, தனியாகப் போய் நடுவரிசையில் உட்கார்ந்தார்.

ஹருகா அந்த நாலு வரியையும் பாடினாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடினாள். மச்சாள் ஒற்றை ஆளாகத் தாளம் தட்டினார். அவரைக் கண்டுகொண்ட ஹருகா பாட்டுக்கு நடுவில் அவர் பக்கம் தலை குனிந்தாள். நான் வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போய் உட்காரும் தைரியம்கூட எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது. சில மாதத்தில் லண்டன் அலுவலகம் மூடப்பட்டது. ஹருகாவை டோக்கியோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஒப்பந்தம் முடிந்தபோது யாரும் நீட்டவில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் வேலைதான். அதையும் செய்யவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த இரண்டாவது நிகழ்ச்சி முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் நடந்ததை. நிகழ்ச்சி முடிந்ததும் பாடுகிறவர் ஒவ்வொரு பணியாளரிடமும் போய்க் குனிந்து நன்றி சொல்வது ஜப்பானியர் பழக்கம். ஒலி பார்த்தவர், விளக்குப் போட்டவர், கதவு காத்தவர் என்று ஒருவரையும் விடாமல் வணங்கிக்கொண்டு வந்தவள், கடைசியாக என் முன்னால் நின்றாள். அழவில்லை. எல்லோருக்கும் குனிந்ததைவிட எனக்கு அதிகமாகக் குனிந்தாள், நிமிரவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"உங்கள் மக்கள் போன தடவை எனக்காக அவ்வளவு தூரம் வந்தார்கள். நான் போதுமான அளவு நன்றாகப் பாடவில்லை. அதனால் திரும்பி வரவில்லை. உங்களுக்கு அவர்கள் முன்னால் தலைகுனிவு. என்னை மன்னியுங்கள்."

அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தி உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, ஹருகா," என்றேன். அவளை மன்னித்து அனுப்பினேன்.